தாத்தாவின் பழைய எம்பி3 கருவி ஏன் பாடவில்லை?



சென்ற மாதம் இரண்டாம் படிவ மாணவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் அறிவியல் கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். அவர் கையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி இருந்தது. மூலைகளில் சாயம் போயிருந்தது. நடுவில் ஒரு சின்னத் திரை, பக்கத்தில் மூன்று பொத்தான்கள்.

"டீச்சர், இது எங்க தாத்தாவோட பாட்டுப் பெட்டி. இதுல புதுசா மூணு பாட்டு ஏத்தினேன். ஏறிடுச்சு, ஆனா பாட மாட்டேங்குது," என்றார்.

"தாத்தாவுக்குக் கைப்பேசியிலேயே பாட்டு போட்டுக் கொடுக்கலாமே?" என்று கேட்டேன்.

தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதாம். தொடுதிரையில் எங்கே தொடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறாராம். இந்தக் கருவி என்றால் விரலால் தடவியே பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவார். மாலையில் வாசலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு அவருக்கு இருக்கும் ஒரே துணை இதுதான்.

மாணவர் ஏற்றிய மூன்று கோப்புகளையும் பார்த்தேன். ஒன்று கைப்பேசியில் இருந்து எடுத்த எம்4ஏ வகைப் பாட்டு. இன்னொன்று ஃபிளாக் என்ற வகை. மூன்றாவது, ஜோகூரில் இருக்கும் அத்தை தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. அது ஓபஸ் வகை. கருவிக்கோ எம்பி3, வேவ் ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே தெரியும். பிறகு ஏன் பாடும்?

இந்த வாரம் அந்தச் சிக்கலைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கருவி தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பெயரை மாற்றினால் போதுமா?

அந்த மாணவர் ஒரு தந்திரம் செய்து பார்த்திருந்தார். கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு 'எம்பி3' என்று மாற்றியிருந்தார். உங்களில் பலரும் இதைச் செய்திருப்பீர்கள்.

வீட்டில் மைலோ டின்னில் அம்மா சீனி போட்டு வைத்திருப்பார். வெளியே மைலோ என்று எழுதியிருக்கிறது என்பதற்காக, உள்ளே இருக்கும் சீனி மைலோவாக மாறிவிடுமா? கோப்பின் பெயர் என்பது டின்னின் மேல் ஒட்டிய தாள்தான். உள்ளே எண்கள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதே முக்கியம். கருவி டின்னைத் திறந்து பார்க்கும். எம்பி3 முறையில் எதுவும் இல்லை என்றால் பிழை என்று காட்டும், அல்லது அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

ஆகவே, பெயரை மாற்றுவது வேறு; கோப்பை மாற்றுவது வேறு. கோப்பை மாற்றும்போது, பழைய முறையில் அடுக்கிய எண்களை முதலில் அவிழ்த்து, மூல ஒலி எண்களாக ஆக்கி, பிறகு புதிய முறையில் மீண்டும் கட்ட வேண்டும். இது புரிய வேண்டுமானால், ஒலி எப்படி எண்ணாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது அதிர்வு. ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும்.

அறிவியல் கூடத்தில் நீரைச் சூடாக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரைந்திருப்பீர்கள். வெப்பநிலை இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. நாமோ இடைவெளி விட்டு அளக்கிறோம். இருந்தாலும் புள்ளிகளை இணைத்தால் வளைகோடு கிடைத்துவிடுகிறது. ஒலியையும் அதே போலத்தான் அளக்கிறார்கள். ஒலிவாங்கி ஒலியை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர்.

எத்தனை முறை அளந்தால் போதும்? ஓர் அதிர்வெண்ணைப் பதிவு செய்ய, அதன் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும். ஹேரி நைக்விஸ்ட் 1928இல் வெளியிட்ட ஆய்விலும், கிளாட் ஷேனன் 1949இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த விதி வேர்கொண்டுள்ளது. நம் செவியின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 40,000க்கும் மேல் மாதிரிகள் தேவை. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்துக்கொண்டதற்கு அடிப்படை இதுதான். அதில் பாதி 22,050. செவியின் எல்லையைத் தாண்டிச் சற்று இடம் மிச்சம் இருக்கிறது.

ஒவ்வொரு மாதிரியையும் எழுத 16 பிட் பயன்படுகிறது. 2ஐ 16 முறை பெருக்கிப் பாருங்கள், 65,536 வரும். அதாவது மிக மெல்லிய ஒலி முதல் மிகப் பலத்த ஒலி வரை 65,536 படிகள்.

சரி, கணக்குப் போடுவோம்

குறுந்தட்டுத் தரத்தில் ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை பிட் தேவை?

44,100 மாதிரிகள் × 16 பிட் × 2 தடங்கள் = 1,411,200 பிட்

இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்பதால் இரண்டு தடங்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே ஒரு நிமிடத்துக்கு:

1,411,200 × 60 ÷ 8 = 10,584,000 பைட்

ஏறத்தாழ 10.6 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டுக்கு 42.3 மெகாபைட். எதையும் சுருக்காமல் இப்படியே எழுதி வைப்பதுதான் வேவ் வகைக் கோப்பு.

1998இல் தென்கொரியாவில் இருந்து எம்பிமேன் என்ற கையடக்க எம்பி3 கருவி வந்தது. அதன் நினைவகம் 32 மெகாபைட். மேலே உள்ள கணக்குப்படி, அதில் ஒரு முழுப் பாட்டைக்கூட வேவ் வடிவில் வைக்க முடியாது. ஆனால் எம்பி3 வடிவில், வினாடிக்கு 128,000 பிட் என்ற வீதத்தில் வைத்தால்?

128,000 × 240 ÷ 8 = 3,840,000 பைட்

நான்கு நிமிடப் பாட்டுக்கு 3.84 மெகாபைட் மட்டுமே. எட்டுப் பாட்டுகள் அடங்கிவிடும். கோப்பு 11 மடங்கு சிறுத்துவிட்டது. மீதி 10 பங்கு எங்கே போனது?

செவிக்குத் தெரியாமல் நீக்குதல்

தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அப்போது நண்பர் காதோடு ஏதாவது சொன்னால் கேட்காது. அவர் பேசாமல் இல்லை. அவருடைய குரலும் காதுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பலத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. இதற்கு மறைப்பு விளைவு என்று பெயர். அதிர்வெண்ணில் அருகருகே இருக்கும் ஒலிகளுக்கு இடையே இந்த மறைப்பு அதிகம். பலத்த ஒலி எழுந்த நொடிக்குச் சற்று முன்னும் பின்னும் வரும் மெல்லிய ஒலிகளும் மறைந்துபோகும்.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் இந்த உண்மையைப் பயன்படுத்தி எம்பி3 முறையை உருவாக்கினார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்பி3' என்ற எழுத்துகளைச் சேர்ப்பது என்று 1995 ஜூலை 14இல் முடிவானது.

எம்பி3 மாற்றி, ஒலியைச் சிறு சிறு சட்டங்களாக வெட்டுகிறது. ஒரு சட்டத்தில் 1,152 மாதிரிகள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு சட்டத்தின் நீளம் சுமார் 0.026 வினாடி. ஒவ்வொரு சட்டத்திலும் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன, எது எதை மறைக்கிறது என்று கணக்கிடுகிறது. நன்றாகக் கேட்கும் பகுதிக்கு அதிக பிட் கொடுக்கிறது. மறைந்துபோகும் பகுதிக்குக் குறைவாகக் கொடுக்கிறது, அல்லது கொடுப்பதே இல்லை.

பிட் வீதத்தைக் குறைத்துக்கொண்டே போனால், மறையாத பகுதியிலும் கை வைக்க வேண்டி வரும். முதலில் அடிபடுவது மேல் அதிர்வெண்கள்தாம். ஜால்ராவின் கணீர் ஒலி 'ஷ்' என்று கரைந்துபோகும். பாடகர் 'ச', 'ஸ' என்று உச்சரிக்கும் இடங்களில் நீருக்கடியில் இருந்து பாடுவது போல இருக்கும்.

துணிப்பெட்டியும் கரும்புச் சாறும்

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது. மடித்தால் இடம் குறையும். பிரித்தால் அதே துணி, ஒரு நூல்கூடக் குறையாது. ஃபிளாக் இந்த வகை. வேவ் கோப்பில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இடம் பிடிக்கும். பிரித்தால் ஒரு பிட் மாறாமல் மூல ஒலி திரும்பக் கிடைக்கும். இதை இழப்பில்லாச் சுருக்கம் என்போம்.

இரண்டாம் வகை, கரும்பைப் பிழிந்து சாறு எடுப்பது போன்றது. பசார் மாலாமில் ஒரு கோப்பை கரும்புச் சாறு வாங்கிய பிறகு, அதைக் கொண்டு மீண்டும் கரும்பு செய்ய முடியுமா? சக்கை போனது போனதுதான். எம்பி3, கைப்பேசிப் பாட்டுகளில் காணும் ஏஏசி, வாட்ஸ்அப் குரல் பதிவில் உள்ள ஓபஸ் ஆகிய எல்லாம் இந்த வகை. இது இழப்புள்ள சுருக்கம்.

இதில் இருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று: 128 கிலோபிட் எம்பி3 கோப்பை 320 கிலோபிட் கோப்பாக மாற்றினால் தரம் கூடாது. கோப்பின் அளவுதான் பெருக்கும். சாற்றைப் பெரிய குவளையில் ஊற்றினாலும் சாறு அதே அளவுதான்.

இரண்டு: ஏஏசியில் இருந்து எம்பி3, அதில் இருந்து மீண்டும் வேறொன்று என்று மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்போம். நகலை நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்தால் எழுத்து மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். எனவே கையில் உள்ளவற்றில் மிகத் தரமான கோப்பில் இருந்து, ஒரே ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே எம்பி3 வடிவில் இருக்கும் பாட்டை மாற்றவே வேண்டாம். அப்படியே கருவியில் போட்டுப் பாருங்கள்.

பழைய கருவிக்குப் புதிய வடிவம் ஏன் புரிவதில்லை?

கைப்பேசி என்பது ஒரு கணினி. புதிய வடிவம் வந்தால் புதிய செயலியைப் போட்டுக் கற்றுக்கொள்ளும். பழைய எம்பி3 கருவியில் இருப்பதோ பாட்டை அவிழ்ப்பதற்கென்றே அமைந்த சிறு சில்லு. தொழிற்சாலையில் அதற்கு எதைக் கற்றுக்கொடுத்தார்களோ அது மட்டுமே தெரியும். ஓபஸ் வடிவம் அனைத்துலகத் தரமாக வெளிவந்தது 2012இல். அதற்கு முன்பே செய்த கருவிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

இந்தக் கருவிகளின் வரலாற்றில் நம் அண்டை நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரில் 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 2000ஆம் ஆண்டில் நோமேட் ஜூக்பாக்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. அதற்குள் 6 கிகாபைட் வன்தட்டு இருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் முதல் ஐபாட் அறிவிக்கப்பட்டது 2001 அக்டோபரில், 5 கிகாபைட் வன்தட்டோடு. பாட்டுகளைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கான காப்புரிமை தொடர்பில் இரு நிறுவனங்களும் வழக்காடின. 2006இல் ஆப்பிள் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. ஐபாட் உற்பத்தி 2022இல் முற்றாக நின்றது. கைப்பேசி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இனி, மாற்றுவது எப்படி?

1. முதலில் கருவியைச் சோதியுங்கள். பின்புறம் உப்பியிருந்தால் உள்ளே மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு மின்னேற்றம் செய்யவே கூடாது. குத்தவோ திறக்கவோ கூடாது. பெரியவரிடம் சொல்லி, மின்னியல் கழிவுகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

2. கருவியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையுங்கள். அதில் உள்ள பாட்டுகளை எல்லாம் முதலில் கணினியில் நகல் எடுத்து வையுங்கள். தாத்தாவின் பழைய பாட்டு தவறிப்போய் அழிந்தால், மன்னிப்புக் கேட்டாலும் திரும்பி வராது.

3. கணினியில் 'மூலம்' என்று ஒரு கோப்புறை, 'கருவிக்கு' என்று இன்னொரு கோப்புறை உருவாக்குங்கள். மாற்ற வேண்டிய கோப்புகளை 'மூலம்' கோப்புறையில் வையுங்கள். அதில் உள்ளவற்றைத் திருத்தவும் கூடாது, அழிக்கவும் கூடாது.

4. மாற்றுவதற்கு ஆடாசிட்டி, விஎல்சி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆடாசிட்டியில் எம்4ஏ போன்ற சில வகைகளைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற கூடுதல் தொகுப்பை நிறுவ வேண்டியிருக்கும். இணையத்தளத்திலேயே மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அத்தையின் குரல் பதிவை முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு அனுப்புவது நல்லதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

5. பாட்டு என்றால் இந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்: எம்பி3, வினாடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு தடங்கள், 128 அல்லது 192 கிலோபிட், மாறாத பிட் வீதம். மாறும் பிட் வீதம் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சில பழைய கருவிகள் அதில் தடுமாறி, பாட்டின் நேரத்தைத் தவறாகக் காட்டும். வெறும் பேச்சு என்றால் ஒரே தடம், 64 கிலோபிட் போதும். தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பி வந்த காலத்திலும் பேச்சு நமக்குப் புரிந்ததே!

6. ஒரே ஒரு பாட்டை மாற்றிக் கருவியில் போட்டுக் கேளுங்கள். பாடினால் மற்றவற்றையும் மாற்றுங்கள். நூறு பாட்டை மாற்றிவிட்டுப் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

7. கோப்புக்கு ரோமன் எழுத்தில் சிறிய பெயர் வையுங்கள். முன்னால் 01, 02 என்று எண் இடுங்கள். பல பழைய கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். பாட்டின் விவரங்களை எழுதும் பழைய குறிச்சொல் முறையில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே இடம். யூடிஎஃப்-8 முறையிலோ ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. 'கி' என்பதில் 'க' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறியீடுகள் இருப்பதால், அதற்கு மட்டும் 6 பைட் போய்விடும்.

8. சில கருவிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நகல் எடுத்த வரிசையிலேயே பாடும். அப்படியானால் ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் நகல் எடுங்கள்.

9. முடித்ததும் கணினியில் 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்திய பிறகே கம்பியைக் கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் நினைவகத்தின் அட்டவணை கெட்டுவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் செயலிகளில் பதிவிறக்கிய பாட்டுகள் பூட்டப்பட்டவை. பூட்டை உடைப்பது சட்டத்துக்குப் புறம்பானது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் உள்ளது. விலை கொடுத்து வாங்கிய குறுந்தட்டு, பூட்டு இல்லாமல் வாங்கிய பாட்டு, வீட்டில் நாமே பதிவு செய்த குரல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு

மூன்றாவது படியில் 'மூலத்தை அழிக்கக் கூடாது' என்று எழுதினேன் அல்லவா? அது புத்தகத்தில் படித்துக் கற்றது அன்று.

2005இல் நான் ஐந்தாம் படிவ மாணவி. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்காக மாமா 256 மெகாபைட் எம்பி3 கருவி ஒன்றை வாங்கித் தந்தார். என் அப்பா கோவில் பஜனைக் குழுவில் பாடுவார். அவர் பாடிய ஒலிநாடா ஒன்று வீட்டில் இருந்தது. 60 நிமிடம். அதைக் கணினியில் ஓடவிட்டு வேவ் கோப்பாகப் பதிவு செய்தேன். 635 மெகாபைட் வந்தது. கருவியில் அடங்காது.

128 கிலோபிட்டில் மாற்றியிருந்தால் 57.6 மெகாபைட் வந்திருக்கும். ஆனால் எனக்குச் சினிமாப் பாட்டுகளுக்கும் இடம் வேண்டுமே! 32 கிலோபிட், ஒரே தடம், வினாடிக்கு 16,000 மாதிரிகள் என்று தேர்ந்தெடுத்தேன். 14.4 மெகாபைட்டில் முடிந்தது. 43.2 மெகாபைட் மிச்சம் என்று மகிழ்ந்தேன். கணினியும் நிறைந்திருந்ததால் வேவ் கோப்பை அழித்துவிட்டேன்.

நம் ஊர் ஈரக்காற்றில் ஒலிநாடா என்ன ஆகும் என்பது உங்கள் பெற்றோருக்குத் தெரியும். சில ஆண்டுகளில் நாடாவில் பூஞ்சை படர்ந்தது. ஒரு நாள் ஓடவிட்டபோது சிக்கி அறுந்தது. அப்பா இப்போது இல்லை. அவர் பாடியதில் எஞ்சியிருப்பது அந்த 14.4 மெகாபைட் மட்டுமே.

இன்று படித்த விதியைக் கொண்டு அதைப் பாருங்கள். வினாடிக்கு 16,000 மாதிரிகள் என்றால் பதிவாகக்கூடிய அதிர்வெண் 8,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அப்பா கையில் இருந்த ஜால்ராவின் ஒலி அதற்கு மேலேயும் நீண்டிருந்தது. அது போய்விட்டது. பாட்டு தொடங்கும் முன் அவர் மூச்சை இழுக்கும் மெல்லிய ஓசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோப்பில் அது கேட்கவில்லை. எத்தனை விலை உயர்ந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 43.2 மெகாபைட்டில் எத்தனை சினிமாப் பாட்டு அடங்கும் தெரியுமா? பதினொன்று. அவை எந்தப் பாட்டுகள் என்றுகூட எனக்கு இப்போது நினைவில்லை.

அந்த இரண்டாம் படிவ மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே அத்தையின் குரல் பதிவை மடிக்கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று என இரண்டு இடங்களில் சேமித்துவிட்டுத்தான் மாற்ற ஆரம்பித்தார். மூன்று கோப்புகளும் பத்து நிமிடத்தில் தயார். மறுநாள் காலையில் சபைகூடலுக்கு வரிசையில் நின்றுகொண்டே என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தாத்தா அத்தையின் குரலை நான்கு முறை கேட்டாராம்.

செய்து பாருங்கள்: காது சொல்வது உண்மையா?

'320 கிலோபிட்டுக்கும் 128 கிலோபிட்டுக்கும் வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரியும்' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அறிவியல் மாணவர் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும்.

குறுந்தட்டில் இருந்தோ ஃபிளாக் கோப்பில் இருந்தோ ஒரு நிமிடப் பகுதியை எடுத்து, 320 கிலோபிட்டில் ஒன்று, 128 கிலோபிட்டில் ஒன்று என இரண்டு எம்பி3 கோப்புகள் செய்யுங்கள். ஜால்ராவோ கைத்தட்டலோ உள்ள பகுதி நல்லது. நண்பர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முதல் கோப்பையும் பூ விழுந்தால் இரண்டாவதையும் இயக்கட்டும். திரை உங்களுக்குத் தெரியக் கூடாது. எது ஒலித்தது என்று நீங்கள் எழுத வேண்டும். ஒலியளவை மாற்றாமல் 10 முறை செய்யுங்கள்.

5 அல்லது 6 சரியாக வந்தால், குருட்டாம்போக்கில் சொல்வதற்கும் உங்கள் விடைக்கும் வேறுபாடு இல்லை. 9 அல்லது 10 சரியாக வந்தால் உங்கள் காது உண்மையிலேயே வேறுபாட்டை உணர்கிறது. வெறும் ஊகத்தில் அப்படி அமைவதற்கான வாய்ப்பு 1,024இல் 11 மட்டுமே. பிறகு 128க்குப் பதிலாக 64, 32 என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் உங்கள் காது விழித்துக்கொள்கிறது என்று குறித்து வையுங்கள். இயர்போனில் ஒலியை அளவோடு வையுங்கள். செவி கெட்டால் அதற்கும் மூலப் பிரதி கிடையாது.

பயிற்சி

1. 5 நிமிடப் பாட்டு, 192 கிலோபிட் எம்பி3 வடிவில் எத்தனை மெகாபைட் இருக்கும்?

2. 512 மெகாபைட் கருவியில், 128 கிலோபிட்டில் மாற்றிய நான்கு நிமிடப் பாட்டுகள் எத்தனை அடங்கும்? (1 மெகாபைட் = 1,000,000 பைட் எனக் கொள்க.)

3. வினாடிக்கு 22,050 மாதிரிகள் எடுத்தால், எந்த அதிர்வெண் வரை பதிவு செய்யலாம்?

4. ஃபிளாக் கோப்பை வேவ் கோப்பாக மாற்றினால் தரம் குறையுமா? காரணம் கூறுக.

விடைகள்

1. 192,000 × 300 ÷ 8 = 7,200,000 பைட்; அதாவது 7.2 மெகாபைட்.

2. 512 ÷ 3.84 = 133.3, ஆகவே 133 பாட்டுகள்.

3. 22,050 ÷ 2 = 11,025; அதற்குக் கீழுள்ள அதிர்வெண்களைப் பதிவு செய்யலாம்.

4. குறையாது. ஃபிளாக் இழப்பில்லாச் சுருக்கம் என்பதால், பிரிக்கும்போது எல்லா மாதிரிகளும் மாறாமல் திரும்பக் கிடைக்கும்.

இந்த வார இறுதியில் வீட்டில் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ஒலிநாடா ஏதாவது அலமாரியில் இருக்கிறதா? இருந்தால், அது இன்னும் ஓடும்போதே முழுத் தரத்தில் பதிவு செய்து, இரண்டு இடங்களில் வையுங்கள். கருவிக்குச் சின்னக் கோப்பு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அடுத்த வாரம் வேறொரு பாடத்தோடு சந்திப்போம்.